கூடிய எலும்பு யாருடையது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அந்த அறையில் முட்டாளாக உட்கார்ந்திருந்த மூன்று டாக்டர்களில் நானும் ஒருத்தி. மற்ற இருவரும் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் போய் நாளாகிவிட்டது. தவிர, எலும்பக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் மானத்தையும் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் அது நடக்கிற காரியமில்லை.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையின் நடைபாதை முடிகிற இடத்தில் ஓர் அறை இருக்கிறது. எலும்பறை என்போம். மூன்று சுவரிலும் கூரைவரை இரும்பு அடுக்குகள், அடுக்குகளில் எண் எழுதிய மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மனிதர். முதலாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பெட்டி வாங்கிப்போய், விடுதிக் கட்டிலுக்கடியில் வைத்துப் படித்து, ஆண்டு முடிவில் திருப்பித் தரவேண்டும். கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் எலும்பக்காவின் வேலை. இருபத்தெட்டு வருடம் அதைச் செய்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கல்லூரி முதல்வர்கூட ஒரு கூட்டத்தில் வாய்தவறி எலும்பக்கா என்றுதான் அழைத்தார்.

அந்த வேலை முதலில் அவருடைய கணவருடையது. அவர் நெஞ்சுவலியில் போய்விட, பத்தாவது படித்திருந்த இவருக்கு அதே கல்லூரியில் வேலை கொடுத்தார்கள். எலும்பறை பெண்களுக்குச் சரிப்படாது, நூலகத்தில் புத்தகம் அடுக்கட்டும் என்று அப்போதைய துறைத்தலைவர் நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அக்காவுக்கு, தனக்காக இன்னொருவர் பயப்படுவது பிடிக்காது. "எனக்குள்ளயும் இதே இருநூத்தி ஆறுதான் சார் இருக்கு. கண்ணாடியில என்னைப் பார்த்து நான் என்னிக்கும் பயந்ததில்லை" என்றாராம். துறைத்தலைவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவருடைய நாத்தனார் வந்திருந்தபோது, செத்தவர் எலும்பைத் தொட்ட கையால் போட்ட டீ எனக்கு வேண்டாம் என்று டம்ளரைத் தள்ளிவைத்திருக்கிறார். அக்கா கோபப்படவில்லை. டீயைத் தானே எடுத்துக் குடித்துக்கொண்டே, உன் ஒரு கையில் மட்டும் இருபத்தேழு எலும்பு இருக்கிறது, அந்தக் கையால்தானே மூன்று வேளையும் சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். நாத்தனார் அதன்பிறகு ஒரு வாரம் கரண்டியில்தான் சாப்பிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரிப்பதைப் பார்த்தால் நாத்தனார் மேல்தான் நமக்குப் பரிதாபம் வரும்.

பாடம் நடக்கும்போது எலும்பைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவது அவர் வேலை. கொண்டுபோனவர் திரும்பிவர மாட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று முழுப் பாடத்தையும் கேட்பார். இருபத்தெட்டு முறை கேட்ட பாடம். எங்களில் பலர் ஒரு முறைகூட ஒழுங்காகக் கேட்டதில்லை. மண்டையோடு ஒரே எலும்பில்லை, இருபத்திரண்டு எலும்புகளின் கூட்டு. குழந்தை பிறக்கும்போது உடம்பில் இருநூற்று எழுபதுக்கு மேல் இருக்கும், வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து இருநூற்றாறாகும். தொண்டையில் இருக்கிற லாட எலும்பு வேறெந்த எலும்போடும் மூட்டுப் போட்டுக்கொள்ளாமல் தனியாகத் தொங்கும். "வீட்டுல அப்படி ஒரு மாமா இருப்பாரே, எல்லாருக்கும் வேண்டியவர், யாரோடயும் ஒட்டமாட்டார்" என்று அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வழி சொன்னவர் அக்காதான். அந்தக் கேள்வியில் நான் முழு மதிப்பெண் வாங்கியது அந்த மாமாவின் தயவில்.

எலும்பைச் செத்த பொருள் என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பார். உடம்புக்குள் இருக்கிறவரை அது நம்மைத் தாங்கி நிறுத்துகிறது, தசை இழுக்கிற பக்கமெல்லாம் அசைந்துகொடுக்கிறது, மூளையையும் இதயத்தையும் பூட்டிவைத்துக் காக்கிறது. உள்ளே மஜ்ஜையில் ரத்தம் ஊறுகிறது. சுண்ணாம்புச் சத்துக்கு அதுவே கிடங்கு, உடம்பு கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். இத்தனையும் சொல்லிவிட்டு, "வீட்டு உத்தரம் உடைஞ்சா உடைஞ்சதுதான். இது உடைஞ்சாத் தானே கூடிக்கும். எந்தக் கொத்தனார் இப்படி ஒரு உத்தரம் போட்டிருக்கான்?" என்று முடிப்பார். பேராசிரியர்கள் ஒரு மணிநேரம் சொல்வது இதைத்தான். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வார்கள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற நாள்தான் எங்களுக்கு நடுக்கம். அக்கா பெட்டிக்குள் பார்க்கமாட்டார். நம் முகத்தைப் பார்த்து ஊர்க்கதை பேசிக்கொண்டே கையை மட்டும் உள்ளே விடுவார். விரல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு, வலது இடது பிரித்து, மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டே போகும். இடுப்பெலும்பு வந்தால் மட்டும் ஒரு நொடி நிற்கும். அதன் பின்பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. கட்டைவிரலை அதில் வைத்தால் ஆணுடைய எலும்பில் விரல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும், பெண்ணுடையதில் விரல் தாராளமாக ஆடும். ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர் கலந்துவிட்டார்களா என்று கண்டுபிடிக்க அது அவருடைய வழி. அறைத்தோழிகள் இருவர் பெட்டியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, மாட்டிக்கொண்டு முழித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான்.

எனக்கு முந்திய வருடத்து மாணவர் ஒருவர் இன்னும் துணிச்சல்காரர். மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்புகளில் ஒன்று பட்டாணி அளவுதான் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டு, அதே அளவில் ஒரு கூழாங்கல்லைத் தேடிப்பிடித்து, தேய்த்து, டீயில் ஊறவைத்து நிறமேற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். அக்காவின் விரல் அதைத் தொட்டதும் பேச்சு நின்றது. கல்லை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, மாணவர் பெயரை மேலே எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் விடுதிச் சாக்கடையைக் கிளறி அந்த மாணவர் அசல் எலும்பைக் கண்டெடுத்து வந்தார். பிற்காலத்தில் அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் எலும்பு அறுவைத் துறைக்குத் தலைவரானார். தீப்பெட்டி இழுப்பறையிலேயே இருந்தது.

அக்கா குள்ளம். மேலடுக்குப் பெட்டியை எடுக்க முக்காலி போட்டு ஏறவேண்டும். ஒரு கால் ஆடுகிற முக்காலி அது. ஏணி வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் மூன்றையும் கோப்பில் பத்திரமாக வைத்தார். அவருடைய கோப்புக்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை. நாலாவதாக அக்கா விழுந்தார். இடது தொடையெலும்பின் கழுத்து, அதாவது இடுப்போடு சேருகிற இடம், முறிந்தது. விழுந்தபோதும் மடியில் அணைத்திருந்த பெட்டியை விடவில்லை, அதில் ஒரு எலும்புகூட உடையவில்லை என்பதை ஸ்ட்ரெச்சரில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார்.

அறுவை செய்து மூன்று திருகாணி போட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். ஊன்றுகோல், பிறகு கைத்தடி, பிறகு வெறுங்கால். வேலைக்குத் திரும்பலாமா என்று முடிவுசெய்ய மருத்துவக் குழு கூடியது. எலும்புத் துறைத்தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். அடுத்தவர் கண் டாக்டர். மூன்றாவது நான், காய்ச்சலும் சர்க்கரையும் பார்க்கிறவள். அக்காவுக்கு அறுவை செய்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரே உறையோடு வந்து கோப்பில் இருந்தது.

அக்கா வருவதற்கு முன்பே தலைவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டார். எலும்பு கூடவில்லை, முறிவுக் கோடு அப்படியே இருக்கிறது என்றார். கண் டாக்டர் எட்டிப் பார்த்து ஆமாம் என்றார். நானும் எட்டிப் பார்த்து ஆமாம் என்றேன். வேலைக்குத் தகுதியில்லை என்ற தாள் ஏற்கனவே தட்டச்சாகி இருந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு அப்போது பேனாவில் மை தீர்ந்துகொண்டிருந்ததுதான் கவலை.

அக்கா நடந்து வந்தார். தடி இல்லை. லேசான சாய்வு மட்டும் இருந்தது. தலைவர் அன்பாகத்தான் பேசினார். தொடையெலும்பின் தலைக்குப் போகிற ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது, கழுத்து முறிந்தால் ரத்தம் நின்றுவிடும், அதனால் இந்த இடம் கூடுவது கஷ்டம், திருகாணி எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஏறி இறங்குகிற வேலை இனி ஆகாது என்றார். அக்கா இதைப் பேராசிரியர் வாயால் இருபத்தெட்டு முறை கேட்டவர் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"வலிக்கலையே சார். நேத்து ரெண்டு மாடி ஏறி இறங்கினேன்."

"சிலருக்கு வலி தெரியாதும்மா. படம் பொய் சொல்லாது."

கண்காணிப்பாளர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று தகுதியில்லை என்ற முடிவைப் பெற்றுக்கொண்டதற்கு. இன்னொன்றில், வீட்டில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்தது என்று அக்காவே எழுதிக் கொடுப்பதுபோல இருந்தது. விஷயம் சுமுகமாக முடியட்டுமே என்றார். சுமுகம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போதெல்லாம் யாருக்கோ தலையில் மிளகாய் அரைக்கப்படுகிறது என்று அர்த்தம்.

அக்கா தாள்களைத் தொடவில்லை. என் எலும்பை ஒரு தடவை நான் பார்த்துக்கொள்கிறேனே என்றார். நீங்கள் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, பார்க்கட்டும் என்றார்.

விளக்குப் பெட்டிக்கு முன்னால் அக்கா கொஞ்ச நேரம் நின்றார். முறிவுக் கோட்டை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. படத்தில் முழு இடுப்பும் இருந்தது. முன்பக்கம் இரண்டு இடுப்பெலும்பும் சேருகிற இடத்துக்குக் கீழே ஒரு கோணம் இருக்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொஞ்சமாக விரித்து அதில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக விரித்து வைத்தார். கோணத்தைத் தாண்டி இருபக்கமும் விரல் நின்றது. அவர் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"சார், இது ஆம்பளை."

யாருக்கும் புரியவில்லை. கண்காணிப்பாளர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு உறையைத் தூக்கிக் காட்டினார். அதில் அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"உறையில என் பேர் இருக்கட்டும் சார். உள்ள இருக்கிறவர் ஆம்பளை. நான் ரெண்டு பெத்தவ. இந்தக் கோணத்துல ஒரு குழந்தை வெளிய வருமா?" என்றவர், தலைவரைப் பார்த்தார். "அன்னைக்குக் கல்லைக் கொடுத்து எலும்புன்னீங்க. இன்னைக்கு ஆம்பளை இடுப்பைக் காட்டி என்னுதுன்னு சொல்றீங்க."

தலைவர் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். அவரிடம் ஒரு நல்ல குணம். தப்பென்று தெரிந்தால் பூசி மெழுக மாட்டார், காது சிவந்துபோகும். அன்று கழுத்துவரை சிவந்தது. மூன்று டாக்டர்கள், சேர்த்தால் அறுபது வருட அனுபவம். மூவரும் முறிவை மட்டும் பார்த்தோம். முறிந்தவர் யார் என்று பார்க்கவில்லை.

அரைமணியில் அக்காவுக்குப் புதுப் படம் எடுத்து வந்தார்கள். எலும்பின் உள்ளிழைகள் முறிவைத் தாண்டி ஓடிப் பின்னியிருந்தன. கோடு இருந்த இடமே தெரியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கச்சிதமாகப் பொருந்துகிற இடுப்பு. தலைவர் பழைய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேலைக்குத் தகுதியானவர் என்று புதிதாகத் தட்டச்சுச் செய்யச் சொன்னார். மூவரும் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை நான் படித்துவிட்டுப் போட்டேன். எட்டு மாதமாக அக்கா எதற்காகக் காத்திருந்தாரோ அந்தத் தாள் அவர் முன்னால் வந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை எலும்பறைச் சாவி அவர் கையில் இருக்கும்.

அக்கா பேனாவை எடுக்கவில்லை.

"அப்போ அந்த ஆம்பளை யாரு?"

உண்மையைச் சொன்னால், அந்த ஆளைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை. எக்ஸ்ரே பிரிவில் இரண்டு படம் உறை மாறியிருக்கிறது என்றால், அக்காவின் படம் அவருடைய உறையில் போயிருக்கும். எலும்பு கூடாத ஒருவரிடம் கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கண்காணிப்பாளர், அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, எக்ஸ்ரே பிரிவுக்குக் கடிதம் போட்டு, பதில் வந்து, பத்து நாளில் கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

அக்கா தலைவரிடம் திரும்பினார். "பத்து நாள்ல அந்த ஆளோட திருகாணி என்ன ஆகும் சார்? இப்பதானே சொன்னீங்க, எப்ப வேணா விலகும்னு."

அக்கா தகுதித் தாளை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தார்.

"அவரைக் கொண்டுவாங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

குழு இன்று கலைந்தால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான், நஷ்டம் உங்களுக்குத்தான் என்று கண்காணிப்பாளர் பயமுறுத்திப் பார்த்தார். எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவளுக்கு இன்னும் மூன்று மாதம் உட்கார்ந்தால் இடுப்பு ஒன்றும் தேய்ந்துவிடாது என்று சொல்லிவிட்டு, அக்கா நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல். படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே பிரிவுக்கு ஓடினேன். எனக்கும் முட்டி வலி உண்டு, ஆனாலும் ஓடினேன்.

படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தது. உறையில் பெயர் பெரிதாக இருப்பதால் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பதிவேட்டில் எண்ணைத் தேடினேன். நாற்பத்தொரு வயது, சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். லாரியிலிருந்து விழுந்து இடது தொடையெலும்பின் கழுத்து முறிந்தவர். அக்காவுக்கு அறுவை நடந்த அதே வாரம், அதே மூன்று திருகாணி. பன்னிரண்டு நாளைக்கு முன்பு புறநோயாளிப் பிரிவில் எழுதியிருந்தார்கள்: எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம். ஆக, அங்கேயும் ஒரு டாக்டர் ஒரு பெண்ணின் இடுப்பைப் பார்த்துவிட்டு மூட்டை தூக்குகிறவரை வேலைக்கு அனுப்பியிருக்கிறார். தொலைபேசி எண் கிடங்கினுடையது. மேஸ்திரி எடுத்தார். அந்த ஆள் நடிப்புத் தாங்க முடியவில்லை டாக்டர், நீங்களே சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தும் தினமும் முனகிக்கொண்டே நிற்கிறான், நீங்கள் கொஞ்சம் கண்டித்துச் சொல்லுங்கள் என்றார்.

காரை எடுத்தேன். அக்காவும் வந்து முன்னால் ஏறிக்கொண்டார். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாரா என்ன.

கிடங்குக்குள் எங்கு பார்த்தாலும் சிமெண்ட் தூசி. வெளிச்சம் கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாகத்தான் விழுந்தது. வரிசையாகப் பத்துப் பேர் லாரிக்கும் அடுக்குக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. கடைசியில் வந்தவரின் இடதுகால் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். தோளில் முழு மூட்டை.

அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றார். "அண்ணே, மூட்டையை இறக்குங்க."

மேஸ்திரி குறுக்கே வந்தார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் இருவர் மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். படம் மாறிவிட்டது, தப்பு எங்களுடையது, இனி ஒரு அடியும் நடக்கவேண்டாம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். முகமெல்லாம் தூசி, கண் மட்டும் சிவப்பாக இருந்தது.

"எல்லாரும் நடிக்கிறேன்னாங்க. வீட்டுலயும் சொன்னாங்க. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க, நான்தான் சோம்பேறித்தனத்துக்கு நடிக்கிறேனோன்னு."

அக்கா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இடதுகாலை மடக்கி, சிரமமில்லாமல். "நடிக்கல அண்ணே. கூடிடுச்சுன்னு சொன்னாங்கல்ல, அது என் எலும்பு. உங்களுது இன்னும் கூடல."

வலிக்கவில்லை என்றவரை நாங்கள் நம்பவில்லை. வலிக்கிறது என்றவரையும் நம்பவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றி, குழு கூடியிருந்த அறைக்கே கொண்டுவந்தோம். தலைவர் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து காலைப் பார்த்தார். கால் ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. புதுப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, திருகாணி விலக ஆரம்பித்திருக்கிறது, இனி அந்த எலும்பு கூடாது, இடுப்பு மூட்டையே மாற்றவேண்டும் என்றார். அவரே செய்வதாகவும் சொன்னார். செய்தார். இப்போது அந்த மனிதர் அதே கிடங்கில் வாசலில் உட்கார்ந்து லாரிகளைச் சரிபார்க்கிறார், நடக்கும்போது நொண்டுவதில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று தலைவர் மேசைக்குப் போய், அறுவை தேவை, பளு தூக்கக்கூடாது, ஓய்வு தேவை என்று சான்று எழுதினார்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தயங்கினார். "சார், இதுல வலின்னு ஒரு வார்த்தை எழுதுவீங்களா? மேஸ்திரிகிட்ட காட்டணும். வீட்டுலயும் காட்டணும்."

மருத்துவச் சான்றில் அப்படியொரு கட்டம் கிடையாது என்று கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். காரணம் எழுதக் கட்டம் இருக்கிறது, கால அளவு எழுதக் கட்டம் இருக்கிறது, நோயாளி சொன்னது நிஜமா என்று எழுதக் கட்டம் இல்லை, இதுவரை யாரும் கேட்டதும் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அப்படியொரு கட்டம் இல்லாமல்தான் நான் இருபது வருடமாகச் சான்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"கட்டம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க" என்றார் அக்கா.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சான்றைத் திருப்பி வாங்கி, இடது ஓரத்தில் தாளைக் குறுக்காக வைத்துக்கொண்டு எழுதினார். இவர் சொன்ன வலி உண்மையானது, எலும்பு கூடிவிட்டது என்று எங்கள் ஆஸ்பத்திரி சொன்னது தவறு. கீழே கையெழுத்துப் போட்டார். கண் டாக்டர் போட்டார். நான் போட்டேன். அந்த மனிதர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். ஆட்கள் அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா அவர் போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு வந்து, "இப்பக் கொடுங்க பேனாவை" என்றார்.

கண்காணிப்பாளருக்குப் பெரிய நிம்மதி. தகுதித் தாளை நீட்டினார். அதோடு, வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்ற அந்த இன்னொரு தாளையும் கைதவறி வந்ததுபோலச் சேர்த்தே நீட்டினார். மனிதருக்கு அசாத்தியத் துணிச்சல். அக்கா அதை எடுத்து, பெட்டியில் தவறிக் கலந்துவிட்ட வேறொருவர் எலும்பை எடுத்துவைப்பது போலத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார். தகுதித் தாளை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. தாளைக் குறுக்காகத் திருப்பி, இடது ஓரத்தில், தலைவர் எழுதிய அதே மாதிரி, நிதானமாக எழுத ஆரம்பித்தார். கண்காணிப்பாளர் பதறிப்போய், அங்கே எழுதக்கூடாதும்மா, அதற்குக் கட்டம் இல்லை என்றார். அக்கா எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று முறை கேட்டும் ஏணி கொடுக்காததால், வேலை நேரத்தில், எலும்பறையில், முக்காலியிலிருந்து விழுந்தேன்.